காரணம் சொல்லாத கோடு

தொகுதி மறுவரையறை பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று கேட்கப்போகிறவர்களை எனக்குத் தெரியும். நமக்குக் கவிதையும் விமர்சனமும் போதும், கட்சிக்காரன் சமாசாரத்தைத் தினசரிகள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். தினசரிகள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கண்ட பிறகுதான் எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. பின்னர் பல மாநிலத் தலைவர்கள் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவும் நடந்தது. தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களின் பங்கு குறையக் கூடாது, 1971 கணக்கே நீடிக்க வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. 1962இல் 41ஆக இருந்தது 1967இல் 39ஆகக் குறைந்ததை ஏற்கெனவே பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த 39க்குள் கோடு எங்கே போகிறது, போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற கேள்வி மேடைகளில் என் காதில் விழவில்லை. டெல்லியின் கையைச் சந்தேகி என்கிறவர்கள், தங்கள் கை எங்கே இருந்தது என்று சொல்வதில்லை.

இருந்த இடம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2002 மறுவரையறைச் சட்டப்படி ஆணையத்தில் மூன்று பேர்: உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைவர், தேர்தல் ஆணையத்திலிருந்து ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர். இவர்களுக்குத் துணையாக நம்முடையதைப் போன்ற மாநிலத்துக்குப் பத்து இணை உறுப்பினர்கள். ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. நியமிப்பவர்கள் சபாநாயகர்கள். இந்தப் பத்துப் பேருக்கும் ஓட்டு கிடையாது, ஆணையில் கையெழுத்து கிடையாது. ஆனால் மேஜையில் இடம் உண்டு. தன் தொகுதி எல்லை பேசப்படும் மேஜையில் சட்டசபை உறுப்பினர் உட்காரலாம். அவருக்கு ஓட்டுப் போட்டவன், வரைவு அச்சாகி வந்தபின், பொது அமர்வில் மனுவோடு நிற்கலாம்.

தென்காசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஆணைப்படி குற்றாலத்துக்காரன் தென்காசி சட்டசபைத் தொகுதி. பக்கத்துச் செங்கோட்டைக்காரன் கடையநல்லூர். மக்களவைக்கு இருவரும் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களோடு சேர்ந்து வாக்களிக்கிறார்கள். தென்காசி மாவட்டத்து ஆலங்குளமோ திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில். மாவட்டம் பிறந்தது 2019இல் என்பதால் ஆலங்குளத்துக்கு ஆணையத்தைக் குறை சொல்ல முடியாது. ராஜபாளையம் தென்காசியோடு சேர்ந்ததற்கும் காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தை ஆணையில் தேடிப்பாருங்கள். தாலுகா, கிராமம், பேரூராட்சி என்று பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. ‘ஏனெனில்’ என்று ஒரு வாக்கியம் தொடங்குவதில்லை. புதுக்கோட்டை மாவட்டக்காரர்களைக் கேளுங்கள். அவர்களுடைய மக்களவைத் தொகுதியே அந்த ஆணையில் மறைந்தது. ஆறு சட்டசபைத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கம் சிதறின.

தென்காசி தனித்தொகுதி. 1977 முதல் 1996 வரை எம். அருணாசலம் தொடர்ந்து ஜெயித்த காலத்திலும் தனித்தொகுதி, 2008 ஆணைக்குப் பிறகும் தனித்தொகுதி. இதை மாற்றவே மாட்டார்களா என்று புகைகிறவர்களில் பலரிடம் வருவது ஜாதிப் புகை. அதற்கு நான் விசிறப்போவதில்லை. பட்டியல் ஜாதியினரின் விகிதம் ஒப்பளவில் அதிகமுள்ள இடங்களைப் பார்த்து ஒதுக்கச் சொல்கிறது சட்டம். தென்காசி அதில் தேறியிருந்தால், எந்தத் தொகுதிகளோடு ஒப்பிட்டுத் தேறியது என்று தமிழில் எழுதி ஊர்ச்சாவடியில் ஒட்டுவதில் என்ன நஷ்டம்? புகைகிறவன் வாயும் அடைபடும். உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்கத்தில் முஸ்லிம்கள் அதிகமுள்ள தொகுதிகள் ஒதுக்கப்பட்டு, தலித்துகள் அதிகமுள்ளவை பொதுத்தொகுதிகளாக விடப்பட்டதை 2006இல் சச்சார் குழு சுட்டிக்காட்டியது. அளவுகோல் இருக்கிறது, ஆனால் அளந்த கை தெரியவில்லை.

அமெரிக்காவைக் காட்டி ஆறுதல் சொல்லும் பண்டிதர்கள் உண்டு. 1812இல் மாசசூசெட்ஸ் கவர்னர் ஜெர்ரி கையெழுத்திட்ட தொகுதி பல்லி உருவில் இருந்ததாம். கட்சிக்காகத் தொகுதியை வளைப்பதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதில் தலையிடக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வழியில்லை என்று அங்கத்திய உச்ச நீதிமன்றம் 2019இல் கைகழுவியது. நமக்கு ஆணையம் இருக்கிறது, அந்த வியாதி இல்லை என்கிறார்கள். 2022இல் ஜம்மு காஷ்மீரில் ஏழு சட்டசபை இடங்கள் கூடியபோது, ஜனத்தொகை குறைவான ஜம்முவுக்கு ஆறு, காஷ்மீருக்கு ஒன்று. அங்கே கோடு போட்டதும் ஆணையம்தான். அமெரிக்காவில் வளைத்த கட்சியின் பெயர் தெரியும், தேர்தலில் திட்டலாம். இங்கே திட்டவும் ஆள் இல்லை. ஆணை அரசிதழில் வந்துவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது சட்டம். அப்பட்டமான தான்தோன்றித்தனம் என்றால் பரிசீலிக்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். குற்றாலத்தில் வாழ்ந்த டி.கே.சி. கம்பனில் கை வைத்தார். பாடல்களைத் தள்ளினார், சொற்களை மாற்றினார். தமிழுலகம் கொதித்தது. ஆனால் அவர் தன் ரசனையைக் காரணமாக மேஜைமேல் வைத்திருந்தார், மறுக்க முடிந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை வேறு ராஜ்யம். அந்த எல்லையை மாற்றக் கேட்டவர்கள் 1954இல் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1955 மாநிலச் சீரமைப்புக் கமிஷன் செங்கோட்டையைத் தந்தது, தேவிகுளம் பீர்மேட்டை மறுத்தது. இரண்டுக்கும் காரணம் எழுதியது. அந்தக் காரணங்களோடு தமிழர்கள் பின்னாலும் சண்டை போட்டார்கள். சண்டை போட ஒரு பிரதி இருந்தது.

தொகுதி ஆணையில் அந்தப் பிரதி இல்லை. அதனால் ஜனங்களின் அவநம்பிக்கை டீக்கடையில் வதந்தியாகவே முடிகிறது: இந்த எம்.எல்.ஏ. அந்தத் தெருவைத் தள்ளிவிட்டார், அந்த ஜாதியைப் பிரித்துவிட்டார்கள். நிரூபிக்கவும் முடியாது, பொய்யென்று காட்டவும் முடியாது. கட்சிகளுக்கு இது சௌகரியம். காரணமில்லாத அபிப்ராயத்தை விமர்சனம் என்று ஏற்காத நாம், காரணமில்லாத ஆணையை மட்டும் ஏற்பானேன்? ஒவ்வொரு எல்லைக்கும் தமிழில் காரணம், இணை உறுப்பினர்கள் பேசியது அத்தனையும் அச்சில், மேஜையில் கட்சி சாராதவருக்கு ஒரு நாற்காலி: 39 என்று முழங்குகிற ஒவ்வொரு கட்சியிடமும் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். அடுத்த வரைவு வரும்போது, கவிதைத் தொகுப்பைப் படிப்பதுபோல் வரிவரியாக உட்கார்ந்து அதைப் படிக்க நம்மில் நாலு பேராவது வேண்டும்.