உரசாத இடைவெளி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைகை அணைக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். அணையைக் காண வந்த கூட்டத்தில் ஒரு பகுதி, அணையைக் காணாமல், வண்டிகள் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிடும். அங்கே அகன்ற டயரும் பளபளக்கும் அலாய் வீலும் மாட்டிய ஒரு ஜீப் நிற்கும். டயர், மட்கார்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் பிதுங்கி நிற்கும். "என்ன கம்பீரம்!" என்று நாம் வியப்போம். நானும் வியந்தவன்தான். அந்த வியப்பு எங்கள் குடும்பத்துக்கு என்ன விலை வைத்தது என்பதைச் சொல்லவும், அதிலிருந்து நான் கொண்ட கருத்தை உங்கள் முன் வைக்கவுமே இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஆனவன். அவன் நிறுத்தியதால்தான் நான் தொடர முடிந்தது. சென்ற ஆண்டு பல வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். வாங்கிய இரண்டாம் மாதமே அதற்குப் புது டயரும் வீலும் மாட்ட ஆசைப்பட்டான். கடைக்கு அவனுடன் நானும் போனேன். பழைய டயரில் 215/75 ஆர் 15 என்றிருந்தது. கடைக்காரர் காட்டியது 235/75 ஆர் 15. "உரசாதா?" என்று அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "தாராளமாகப் போகும்" என்றார் கடைக்காரர். மாட்டினார்கள். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். உரசவில்லை. நான் கைதட்டினேன்.

அடுத்த வாரம் பூப்பாறைப் பக்கம் ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் புறப்பட்டோம். ஏழு பேர் அமரக்கூடிய வண்டியில் ஒன்பது பேர் ஏறினோம். அது தவறு, மறைப்பதற்கில்லை. போடிநாயக்கனூரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். மூன்றாவது வளைவில் அம்மா சொன்னார்: "ஏப்பா, வண்டிய நிப்பாட்டு. சக்கரம் எதுலயோ ஒரசுது."

ஓட்டிய அண்ணனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்கவில்லை. அம்மா ஏலத் தோட்டத்துக்குப் பல ஆண்டுகளாக வாடகை ஜீப்பின் பின்பலகையில் உட்கார்ந்து போய் வருபவர். எந்தச் சத்தம் வண்டியின் இயல்பு, எந்தச் சத்தம் புதியது என்பது அவர் காதுக்குத் தெரியும். நிறுத்தி இறங்கினோம். ரப்பர் கருகிய நாற்றம். முன்சக்கர டயரின் தோள்பட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது. மட்கார்டின் உள்மடிப்பு, கத்தி போல் தகடு தெரிய மின்னிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இன்னும் 14 வளைவுகள் பாக்கி.

அம்மா என்னைப் பார்த்தார். "ஒன்னையத்தான படிக்க வச்சோம். டயருல ஏதோ எழுதியிருக்கே, அத வாசிச்சியா?"

வாசித்திருந்தேன். எண்களை வாசித்தேனே தவிர, அவற்றின் பொருளை வாசிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வில் ஆரமும் விட்டமும் கேட்டால் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். என் வீட்டு வண்டியில், என் தாய் ஏறும் வண்டியில், அதே கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. அன்று எல்லோரையும் இறக்கிப் பேருந்தில் அனுப்பிவிட்டு, காலி வண்டியை மெதுவாகக் கீழே இறக்கினோம்.

ஊர் திரும்பியதும் தாளும் பேனாவும் எடுத்தேன். கணக்கு மிக எளிது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. பழைய டயரின் பக்கச்சுவர் 161 மி.மீ.க்குச் சற்று அதிகம். மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் 703.5 மி.மீ. புதியதன் பக்கச்சுவர் 176 மி.மீ.க்குச் சற்று அதிகம். மொத்த விட்டம் 733.5 மி.மீ. வேறுபாடு 30 மி.மீ. அதாவது ஆரத்தில் 15 மி.மீ. டயர் மட்கார்டை நோக்கி அவ்வளவு நெருங்கிவிட்டது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 62.5 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்பது உடன்பிறந்த இன்னொரு விளைவு.

இது உயரக் கணக்கு. பக்கவாட்டுக் கணக்கு ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். டயர் 20 மி.மீ. அகலம் கூடினால், உள்ளே 10, வெளியே 10 என்று பங்கு பிரியும். ஆனால் வீலும் மாறினால் கதையே வேறு. வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு மையக்கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கும், அச்சுத் தலையில் வீல் பதிந்து போல்ட் முடுக்கப்படும் முகத்துக்கும் உள்ள தூரத்தை ஆஃப்செட் என்பர். புது வீலில் அது பழையதைவிட 20 மி.மீ. குறைவாக இருந்தது. அதனால் சக்கரம் முழுவதும் 20 மி.மீ. வெளியே தள்ளப்பட்டது. முன்சொன்ன 10-ஐயும் கூட்டினால், டயரின் வெளிப்பக்கம் 30 மி.மீ. வெளியே வந்துவிட்டது. கம்பீரம் என்று நாம் வியந்தது இந்த 30 மி.மீ.தான்! அந்த 30 மி.மீ.தான் வளைவில் மட்கார்டின் உள்மடிப்பைத் தேடிப் போய் உரசியது.

அப்படியானால் கடை வாசலில் ஏன் உரசவில்லை? இங்கேதான் என் கருத்தின் உயிர் இருக்கிறது. கடை வாசலில் வண்டி காலி, பாதை நேர், தரை சமம். மலையிலோ மூன்றும் தலைகீழ். பாரம் ஏறியதும் ஸ்பிரிங் பட்டை அமுங்கி, மட்கார்டு சக்கரத்தை நோக்கி இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கவேண்டியிருக்கிறது. டயரின் மூலைகள் பக்கவாட்டில் வீசி வருகின்றன. அதே நேரத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, மற்றொன்று மேட்டில் ஏறி அமுங்குகிறது. மூன்று கெட்ட நிலைகளும் ஒரே நொடியில் கூடும் இடம் நம் மலைச்சாலை. ஆகவே, காலி வண்டியில் அளந்த இடைவெளி இடைவெளியே அன்று. பாரத்தோடும், முழு ஒடிப்போடும், மேடுபள்ளத்தோடும் எஞ்சுவதே உண்மையான இடைவெளி. அளவு மீறிய பாரம் வண்டியை என்ன செய்யும் என்பதை வள்ளுவர் என்றோ சொல்லிவிட்டார். நாம்தான் அதை மனப்பாடப் பகுதியோடு நிறுத்திக்கொண்டோம்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "படிச்சா வண்டி ஓட்டத் தெரிஞ்சிருமா?" என்றான். அவன் கேட்டது நியாயமே. அதனால் வாதாடாமல் சோதித்துக் காட்டினேன். மட்கார்டின் உள்மடிப்பில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினோம். பின்னால் நெல் மூடைகளை ஏற்றினோம். ஒரு முன்சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்தோம். டயரின் தோளில் வெள்ளைக்கோடு விழுந்தது. அண்ணன் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழைய வீல்களை அவனே மாட்டினான். பிறகு கண்மாய்க் களிமண்ணைத் தடித்த அடைகளாகத் தட்டி மட்கார்டின் உட்புறம் ஒட்டி, அதே சோதனையை மீண்டும் செய்தோம். டயர் சீவியதுபோக எஞ்சிய களிமண்ணின் கனம் 21 மி.மீ. அதுவே எங்கள் வண்டியில் மிகக் குறைந்த இடைவெளி. ஆரத்தில் 15 கூடினால் எஞ்சுவது 6 மி.மீ. டயரில் ஒட்டும் சேற்றுக்கே அது காணாது. பக்கவாட்டு 30-ஐயும் சேர்த்தால் சொல்லவே வேண்டாம். பணம் கொடுக்கும் முன்னர், ஒரு கை களிமண்ணால் தெரிந்திருக்கவேண்டிய செய்தி இது.

"உரசினால் என்ன, அதற்கும் வழி இருக்கிறதே" என்று நண்பர்கள் சிலர் கூறினர். அந்த வழிகளையும் ஆராய்ந்தேன். மட்கார்டின் உள்மடிப்பைத் தட்டி மடக்கலாம். பெயிண்ட் வெடித்துத் துருப் பிடிக்கும் என்றாலும், சில மில்லிமீட்டர் தேவைப்படும் இடத்தில் அது ஓரளவு பொருந்தும். ஸ்பிரிங்கை உயர்த்தலாம், வண்டியின் ஈர்ப்பு மையமும் கூடவே உயரும், வளைவில் கவிழும் வாய்ப்பும் உயரும். உட்பக்கம் உரசுகிறதென்று ஸ்பேசர் வைத்து வீலை வெளியே தள்ளலாம். வீல் பேரிங்கின்மேல் சுமை கூடும். வெளிப்பக்கம் உரசத் தொடங்கும். ஸ்டியரிங் ஒடிப்பதைக் குறைத்து வைக்கலாம் என்பது நான்காவது யோசனை. சமவெளியில் வாழ்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்ப முடியாமல், பாரத்தோடு பின்னால் எடுத்து மறுபடி திரும்ப வேண்டிய வண்டியில் என் தாயை ஏற்ற நான் சம்மதியேன்.

அகன்ற டயரே ஆகாது என்பது என் வாதமன்று. பெரிய டயர் தரையிலிருந்து வண்டியை உயர்த்தும். சேற்றிலும் மணலிலும் அகன்ற டயர் உதவும். ஆனால் தேவை எது, ஆசை எது என்று பிரித்தறிய வேண்டும். வண்டியின் கையேட்டில் நிறுவனம் எந்தெந்த அளவுகளை ஏற்கிறது என்று பார்க்கலாம். டயரில் அளவுக்கு அடுத்துள்ள எண்ணையும் பார்க்கவேண்டும்: 100 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ. அழகான டயர் வாங்கப் போய் இந்த எண்ணில் இறங்கிவிடக் கூடாது. நம் கல்லூரியின் இரு சக்கர வாகன நிறுத்தத்திலும் இதே கதை உண்டு. குறுகிய ரிம்மில் அகன்ற பின்டயரை மாட்டினால் டயர் தன் வடிவம் பிதுங்கும். செயினையோ மட்கார்டையோ உரசும். உரசாவிட்டாலும் தரையில் சரியாகப் படியாது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி அல்ல, பின்பலகையில் அமர்ந்திருப்பவர்களுக்காகவே நாம் அளந்து பார்க்கவேண்டும் என்பேன்.

மீண்டும் வைகை அணைக்கே வருகிறேன். 1959-இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. ஆனால் 71 வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. நீருக்கும் விளிம்புக்கும் இடையே சில அடிகளை விட்டுவைப்பதில்தான் கீழே உள்ள ஊர்களின் உறக்கம் இருக்கிறது. அந்த இடைவெளியை யாரும் வீண் என்று சொல்வதில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே தெரியும் வெற்றிடத்தை மட்டும் நாம் அழகுக் குறைவு என்று எண்ணி நிரப்பத் துடிக்கிறோம்!

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒரு நாள், ஓர் உண்மையான சக்கரத்தை அளக்க எங்களை அனுமதியுங்கள். மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வீட்டில் முதன்முதல் எழுத்தைக் கூட்டி வாசிப்பவர்கள். பட்டம் வாங்கும்வரை காத்திருக்கவேண்டாம். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், அப்பா ஓட்டும் வண்டியோ, அக்கா வேலைக்குப் போகும் வண்டியோ, எதுவாயினும் அதன் டயரில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பொருளோடு வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் புது டயர்கள் இன்னும் திண்ணையோரம் கிடக்கின்றன. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. சென்ற வாரம் அண்ணன் நண்பர் ஒருவர் அவற்றை விலைக்குக் கேட்டு வந்தார். அண்ணன் விலை சொல்லவில்லை. "மொதல்ல ஒங்க வண்டியக் கொண்டாங்க, தம்பி அளந்து பாக்கட்டும்" என்றான்.