தெரியாததும் பாராததும்

சிவகாசியில் வெடி விபத்து என்றால் நமக்கெல்லாம் தீப்புண்தான் முதலில் ஞாபகம் வரும். வைத்தியருக்கும் அது ஒன்றே ஞாபகத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சமீபத்தில் கண்டோம். நம்மிடம் வாசிக்கும் பையன் ஒருவனுடைய தகப்பனார், பட்டாசு அறையில் தீப்பற்றியபோது வெளியே பாய்ந்து, வலது கையை ஊன்றி விழுந்தவர். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றார். புண் நன்றாகவே ஆறிவிட்டது. ஆனால் எட்டு மாதமாகியும் அந்தக் கையால் சரம் பின்ன முடியவில்லை. மணிக்கட்டில் ஓர் எலும்பு முறிந்திருந்தது இப்போதுதான் வெளியாகியிருக்கிறது.

"வாத்தியாரய்யா, இது டாக்டர் குத்தமா, எங்க தலையெழுத்தா?" என்று கேட்டாள் பையனின் தாயார்.

கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதனடியில் ஒரு பள்ளம் தோன்றுமல்லவா? மூக்குப்பொடிப் பிரியர்கள் பொடி வைத்துக்கொள்ளும் பள்ளந்தான். (நம் உபாத்தியாயர்களில் இதை அறியாதவர் இரார்.) அதனுள்ளே படகு போன்ற சிற்றெலும்பு ஒன்றிருக்கிறது. அது முறிந்தால் முதல் எக்ஸ்-ரேயில் பல சமயம் தெரிவதில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால் தெரியும். கவனியாமல் விட்டாலோ எலும்பு ஒட்டாமலே போகலாம். ரத்த ஓட்டமின்றி ஒரு பகுதி செத்தும் போகலாம். ஆகவே முதல் படத்தில் முறிவைக் காணாத வைத்தியரைக் குற்றவாளி என்பது அநியாயம். விபத்தன்று உயிரைக் காப்பதே பெரிய வேலை. ஆனால் பத்தாம் நாள் கட்டு மாற்றும்போது என்ன அவசரம்? அந்தப் பள்ளத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாரா, மறுபடி படம் எடுக்கச் சொன்னாரா என்பதே நம் கேள்வி.

சுப்ரீம் கோர்ட்டும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதால் மட்டும் அஜாக்கிரதை ஆகாது; அத்தொழிலில் சாதாரணத் திறமையுள்ளவர் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்று பார்க்கவேண்டும் என்றது, 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில். மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை செய்த ஹைதராபாத் வழக்கிலோ, 2010-ல் இரண்டு லட்சம் ரூபாய் நஷ்ட ஈட்டை நிலைநிறுத்தியது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்றும் சொல்லிற்று. ஏழைகளுக்கு இது பெரிய உபகாரம். ஈ.எஸ்.ஐ. சிகிச்சை 'தர்ம' சிகிச்சையல்ல, கூலியிலிருந்து சந்தா பிடிக்கப்படுவதால் அவர்களும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2007-ல் தீர்ப்பாயிற்று. பட்டாசுத் தொழிலாளர் பலருக்கு இது தெரியாது.

சிகிச்சைக் குறிப்பேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது வைத்தியர்களுக்கான 2002-ஆம் வருஷத்து விதி. அந்த அம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்தோம், நகல் வந்தது. தீப்புண்ணைப் பற்றி நான்கு பக்கம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. "வீக்கம்" என்ற சொல்கூட இல்லை. வழக்குத் தொடர இரண்டு வருஷக் கெடு. எட்டு மாதம் போய்விட்டது. அந்தத் தாயார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.