கடைப்பலகை சொல்லும் காலம்

ஜேம்ஸ் விஸ்லர் 1880களில் இலண்டனின் செல்சிப் பகுதிக் கடைமுகப்புகளைச் செப்புத்தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிட்டார். பலவற்றில் ஆண்டில்லை, வண்ணத்துப்பூச்சி முத்திரையே உண்டு. அதன் வடிவம் காலந்தோறும் மாறியதால், அதைக்கொண்டு காலம் கணிப்பர். அதனினும் வலிய சான்று கடைப்பலகையே என்பேன். கண்டவாறே தகட்டில் வரைந்தமையால் அச்சில் தெருவே இடம்வலம் மாறும். பெயரைக் கண்ணாடியில் காட்டித்தான் படிக்கவேண்டும்! அப்பெயரை அக்கால வணிகர் பெயர்ப்பட்டியலில் தேடினால், கடைக்காரர் அங்கிருந்த ஆண்டுகள் புலப்படும். அழகை நுகர ஆண்டெதற்கு என்பார் உளர். மீன்கடையும் கந்தல்கடையும் நடத்திய எளியோர் பெயர்பெற்று மீள்வது இத்தகைய தேடலால்தானே? கென்னடி 1910இல் வெளியிட்ட அட்டவணைக்குப் பின், கிளாசுகோ பல்கலைக்கழகம் 2012இல் விரிவான புதிய அட்டவணையை வெளியிட்டது. எனினும், கடைக்காரர் சென்றபின்னும் பலகை தொங்கியிருக்கலாம். ஆதலின் முத்திரையோடு ஒப்பிட்டே ஆண்டைத் துணிதல் தகும்.