கன்ஸாஸின் துரோகிகள்

கட்சி மாறியவர்களை ஏசுவதற்கென்றே நம் பத்திரிகைகளிடம் ஒரு சொற்கிடங்கு இருக்கிறது. துரோகி, பச்சோந்தி, முதுகில் குத்தியவர். அமெரிக்காவின் கன்ஸாஸ் மாநிலத்து அண்மை வரலாற்றைப் படிப்பவர்கள் அந்தக் கிடங்கைச் சற்று பூட்டிவைக்க வேண்டியிருக்கும் என்பது நம் துணிபு.

அங்கே ஆளுநர் என்பவர் தில்லியிலிருந்து நியமித்தனுப்பும் நம் ஆளுநரைப் போன்றவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். 2010இல் அவ்வாறு வென்றவர் குடியரசுக் கட்சியின் ஸாம் பிரவுன்பேக். 2012இல் அவர் வருமான வரியைப் பெருமளவு வெட்டினார். பங்குதாரர் நிறுவனங்கள், தனியுரிமைத் தொழில்கள் முதலியவற்றின் உரிமையாளர்கள் ஈட்டும் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது என்றும் ஆக்கினார். பொருளாதாரம் பொங்கிப் பெருகி இழப்பை ஈடுகட்டும் என்பது வாக்குறுதி. அதே ஆண்டு உட்கட்சித் தேர்தலில் மிதவாதிகள் களையெடுக்கப்பட்டனர். செனட் தலைவர் ஸ்டீவ் மோரிஸே தோற்றார். பொங்கிப் பெருகியது எதுவுமில்லை. 2014 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மாநில வருவாய் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 கோடி டாலர் குறைந்தது.

அவ்வாண்டுதான் மறுதேர்தல். உட்கட்சித் தேர்தலில் அதிகம் அறியப்படாத ஒருவர், பதவியிலிருக்கும் ஆளுநரை எதிர்த்து நின்று 37 விழுக்காடு வாக்குகள் பெற்றார். குடியரசுக் கட்சியின் இந்நாள், முன்னாள் பிரமுகர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பால் டேவிஸை ஆதரித்துப் பகிரங்கமாக நின்றனர். கருத்துக்கணிப்புகள் பலவும் டேவிஸே முந்துவதாகக் கூறின. ஆயினும் நவம்பரில் பிரவுன்பேக் 49.8 விழுக்காடும் டேவிஸ் 46.1 விழுக்காடும் பெற்றனர். வெறுக்கப்பட்டவர் வென்றார்.

கன்ஸாஸ் மக்களுக்கு அறிவில்லை என்று நகைப்பது எளிது. தாமஸ் ஃபிராங்க் 2004இல் எழுதிய நூலுக்குப் பிறகு அது ஒரு வாடிக்கையாகவே ஆகிவிட்டது. நமக்கு அந்த நகைப்பில் உடன்பாடில்லை. அடிமை முறையை எதிர்த்த குருதிப் போராட்டத்தினூடே 1861இல் பிறந்த மாநிலம் அது. அதற்குக் குடியரசுக் கட்சி குலதெய்வம் போன்றது. 1932க்குப் பின் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரைக்கூட அது வாஷிங்டன் செனட்டுக்கு அனுப்பியதில்லை. 2014இல் ஒபாமா மீதிருந்த சினமும் சேர்ந்துகொண்டது. ஆளுநரை வெறுத்த பலரும் கட்சியை விட்டுவிட மனமின்றி அவருக்கே வாக்களித்தனர். நாம் குறை காண்பது இந்த விசுவாசத்தையே. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்: 2015 வசந்தத்தில் சில பள்ளி மாவட்டங்கள் பணமின்றிக் கல்வியாண்டைச் சில நாள் முன்னதாகவே முடித்துக்கொண்டன. அவ்வாண்டே விற்பனை வரி 6.15இலிருந்து 6.5 விழுக்காடாக ஏறியது. ரொட்டியும் பாலும்கூட அதற்குத் தப்பவில்லை. லாபத்துக்கு வரியில்லை, ரொட்டிக்கு உண்டு!

டேவிஸை ஆதரித்த நூற்றுவரில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள், இழப்பதற்கு ஏதுமற்றவர்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். உண்மைதான். பதவியில் இருந்தோர் பலரும் வாய் திறக்கவில்லை. நம் கோபமும் அவர்கள் மீதே.

2016 உட்கட்சித் தேர்தலில் காற்று திசை மாறியது, மிதவாதிகள் மீண்டனர். 2017 ஜூன் 6 அன்று, வரிவெட்டை நீக்கும் மசோதாவுக்கு பிரவுன்பேக் இட்ட தடையாணையைச் சட்டமன்றம் முறியடித்தது. செனட்டில் 27க்கு 13, கீழவையில் 88க்கு 31. செனட்டில் தேவைப்பட்டதே சரியாக 27. அந்த 27இல் 18 பேர் ஆளுநரின் சொந்தக் கட்சிக்காரர்கள்! நம் நாட்டில் 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவை மீறி வாக்களிப்பவரின் உறுப்பினர் பதவியே பறிபோகக்கூடும். பேரம் பேசி விலைபோகும் கூட்டத்தைத் தடுக்கப் போட்ட வேலி, மனச்சான்றோடு எழுந்து நிற்பவனையும் உள்ளேயே அடைத்துவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரவுன்பேக் 2018 ஜனவரியில் பதவி விலகி, உலக மதச் சுதந்திரத்துக்கான அமெரிக்கத் தூதராகச் சென்றார். அந்த நவம்பரில் குடியரசுக் கட்சியின் கிரிஸ் கோபாக்கை வென்றவர் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி. அவரை ஆதரித்தவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் பில் கிரேவ்ஸ். டிசம்பரில் பார்பரா பாலியர், டைனா ஸைக்ஸ், ஸ்டெஃபனி கிளேட்டன் என்ற மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் குடியரசுக் கட்சியிலிருந்து ஜனநாயகக் கட்சிக்கு மாறினர். பதவி ஆசை என்றார்கள். சட்டமன்றத்தில் அசைக்கவொண்ணாப் பெரும்பான்மை கொண்ட கட்சியை விட்டுச் சிறுபான்மை இருக்கைக்குப் போவது என்ன வகைப் பதவி ஆசையோ, நமக்கு விளங்கவில்லை. பாலியர் 2020இல் வாஷிங்டன் செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். கெல்லி 2022இல் 49.5 விழுக்காட்டில் மறுபடியும் வென்றார்.