கல்லூரி டென்னிஸ்: ஊருக்கு ஒரு ஸ்கோர் முறை இருந்தால் என்ன சிக்கல்?

2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பை மோதலில், உலகத் தரவரிசையில் 626-வது இடத்தில் இருந்த மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், ஜெரோம் கிம்மை 7-6, 6-3 என வீழ்த்தினார். அவர் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மாணவர். அதே ஆண்டு மே மாதம்தான் அவரது அணி தேசியக் கல்லூரி சாம்பியன் ஆகியிருந்தது.

கல்லூரி டென்னிஸ் ஒருவரை இவ்வளவு தூரம் கொண்டுபோகும்னா, ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு எது தடை? கோர்ட், கோச், காசு எல்லாம் தெரிந்த பதில்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, போட்டி வடிவம்.

விதி என்ன சொல்கிறது?

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளே பல ஸ்கோர் முறைகளை அனுமதிக்கின்றன. மூன்று செட் ஆடலாம். 8 கேம் கொண்ட ஒரே 'புரோ செட்' ஆடலாம். 4 கேம் குட்டி செட்டும் உண்டு. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 பாயின்ட் டைபிரேக் வைக்கலாம். டியூஸில் ஒரே பாயின்ட்டில் கேமை முடிக்கும் 'நோ-ஆட்' முறையும் செல்லும். எதை எடுப்பது என்பது போட்டியை நடத்துபவர் கையில்.

அதனால் என்ன மாறிவிடும்?

ஒரு சின்னக் கணக்கு. சர்வ் செய்யும்போது ஒவ்வொரு பாயின்ட்டையும் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அட்வான்டேஜ் முறையில் 100 சர்வ் கேமில் சுமார் 74-ஐ அவர் வெல்வார். நோ-ஆட் முறையில் 71 தான். மூணு கேம்தானேன்னு தோணலாம். ஆனால் 6-4 என முடியும் செட்டில் ஒரே ஒரு பிரேக்கே முடிவைத் தீர்மானித்துவிடும். ஆட்டம் சுருங்கச் சுருங்க, பலமானவர் தோற்கும் வாய்ப்பு கூடும்.

ஓசூருக்கு ஏன் இது முக்கியம்?

கிருஷ்ணகிரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். சுமார் 40 கி.மீ. தள்ளி பெங்களூருவில் சேர்ந்தால் வேறு பல்கலைக்கழகம். ஒரே தெருவில் வளர்ந்த மூன்று பேர் மூன்று தனித்தனித் தேர்வுகளில் ஆட வேண்டியிருக்கும். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று வரும்போது மூவரும் ஒரே தென் மண்டலம்தான்.

ஒருவர் புரோ செட்டில் தேர்வாகிறார், இன்னொருவர் மூன்று செட் ஆடித் தேர்வாகிறார் என்றால், யார் மேல் என்று எப்படிச் சொல்வது? ஒரே பாகத்தை இரண்டு கேஜில் அளந்து பாஸ் போட்டால் ஓசூர் தொழிற்சாலையில் எந்தக் குவாலிட்டி இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டும் அரசு வேலையும் கிடைக்கிற மாநிலத்தில், இந்த அளவுகோல் சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவில் எப்படி?

அங்கேயும் வடிவம் மாறியிருக்கிறது. முதல் டிவிஷனில் இரட்டையர் ஆட்டம் முன்பு 8 கேம். பிறகு 6 கேம் கொண்ட ஒரே செட் ஆனது. 2015-16 சீசனில் நோ-ஆட் வந்தது. அணி மோதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்களுக்குச் சேர்த்து ஒரு பாயின்ட், ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்குத் தலா ஒரு பாயின்ட். முதலில் 4 எடுக்கும் அணிக்கு வெற்றி. தொழில்முறை ஒற்றையரில் அட்வான்டேஜ் இருக்கும்போது இங்கே மட்டும் நோ-ஆட் எதற்கு என்ற வாதம் நியாயமானதே. ஆனால் ஒரே வடிவம் என்பதால் ஒப்பிட முடிகிறது. கல்லூரித் தரவரிசையில் முதல் 20 இடம் பிடிப்பவர்களுக்கு ஏடிபி சேலஞ்சர் போட்டிகளில் இடம் தரும் திட்டம் 2023-ல் தொடங்கியதும் அந்த நம்பிக்கையில்தான்.

இங்கே என்ன செய்யலாம்?

கோர்ட் குறைவு, நாள் குறைவு, நடுவில் மழை என்று நடத்துபவர்கள் சொல்வது உண்மை. எல்லா ஆட்டமும் மூன்று செட் ஆக வேண்டாம். தொடக்கச் சுற்றுகளுக்கு ஒரு குறுகிய வடிவம், காலிறுதியிலிருந்து மூன்று செட், மழை வந்தால் எது என்பதற்கு ஒரு மாற்று. இந்த மூன்றையும் தென் மண்டலம் முழுக்க ஒன்றாக்கி, சீசன் தொடங்கும் முன்பே சுற்றறிக்கையில் போட்டால் போதும். புதிய கோர்ட் கட்டத் தேவையில்லை, ஒரு பக்கம் டைப் அடித்தால் முடிகிற வேலை. உங்கள் கல்லூரி பி.டி. சாரிடம் இந்தச் சீசனுக்கே கேட்டுப் பாருங்கள்.