முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்

துபாயிலிருந்து ஹத்தா போகிற ரோட்டில் 'பிக் ரெட்' என்று ஒரு பெரிய செம்மணல் மேடு இருக்கிறது. குளிர்கால விடுமுறை நாளில் சாயங்காலமாக அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் போதும், ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பளபளவென்று ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வரும். மணலில் இறங்கும். கொஞ்ச தூரம் ஜோராகப் போகும். பிறகு வேகம் குறையும். ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை அழுத்துவார். இன்ஜின் அலறும், பின்னால் மணல் பறக்கும், வண்டி நகராது. இன்னும் அழுத்துவார். இப்போது வண்டி நகரும். முன்னால் இல்லை, கீழே :-)

அரை நிமிடத்தில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் நாலு சக்கரமும் சுற்றினால் என்ன, நாற்பது சக்கரம் சுற்றினால் என்ன?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேகம் குறைந்து நின்ற அந்த முதல் நொடியில் வண்டி உண்மையில் சிக்கவே இல்லை. அப்போதே காலை எடுத்திருந்தால், ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே மெதுவாகத் திரும்பியிருக்கலாம். மணல் செய்தது பாதி வேலைதான். மீதியை ஓட்டுகிறவரின் வலது கால் செய்து முடித்தது.

லட்சம் லட்சமாகக் கொடுத்து வண்டி வாங்குகிறவருக்கு இதை ஏன் யாரும் சொல்லித் தருவதில்லை? விளம்பரங்களில் வண்டி மணல் மேட்டின் உச்சியிலிருந்து பறந்து இறங்குகிறது. அதற்கு முன்னால் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்ததை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. குதிரைசக்தி எவ்வளவு என்று ஷோரூமில் சொல்கிறார்கள். மணலில் இறங்குமுன் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த மாதிரி வண்டி விற்கிறவர்கள் சாவியோடு ஒரு ஏர் கேஜ், ஒரு மண்வெட்டி, ஒரு பக்கத்துக்குச் செய்முறை மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வண்டியின் விலையோடு பார்த்தால் அது டீ காசு.

சரி, மணலில் என்னதான் நடக்கிறது?

கணக்கு ரொம்ப சிம்பிள். 2 டன் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். நாலு டயருக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு டயர் மேல் 500 கிலோ. தார் ரோட்டுக்காக 35 பிஎஸ்ஐ காற்று அடித்திருக்கும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. டயர் தரையை அழுத்துகிற அழுத்தமும் கிட்டத்தட்ட இதுதான். 500-ஐ 2.5-ஆல் வகுத்தால் 200 சதுர சென்டிமீட்டர். இரண்டு டன் வண்டியின் கால்தடம், டயர் ஒன்றுக்கு ஒரு போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

இப்போது காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அழுத்தம் சுமார் 1 கிலோவுக்கு வந்துவிடும். கால்தடம் இரண்டு மடங்குக்கும் மேலே விரியும். (டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அச்சு அசலாக வராது. ஆனால் போக்கு இதுதான்.) பலரும் நினைப்பது போல டயர் அகலமாவதால் வருகிற பலன் இல்லை இது. அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் நன்றாகக் கூடும். டயர் ஒரு குட்டி டாங்கிப் பட்டை மாதிரி மணல்மேல் படுத்துக்கொண்டு போகும்.

ஒட்டகம் இதை எந்த ஷோரூமிலும் படிக்கவில்லை. எடை விழும்போது அதன் பாதம் விரிந்து கொடுக்கிறது. குதிரையின் கெட்டிக் குளம்பு இறங்குகிற இடத்தில் ஒட்டகம் நடந்து போய்விடுகிறது. குதிரையின் பலம் ஒட்டகத்துக்கு இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

"வேகம் இல்லாமல் மணல் மேட்டில் ஏற முடியாதே, அப்போது பவர் வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு அந்த ஓட்டம்தான் உயிர். மணலில் சட்டென்று பிரேக் அடித்தால்கூட டயருக்கு முன்னால் மணல் குவிந்து, அதுவே தடையாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் பிரேக்கைத் தொடாமல், இறக்கத்தில் தானாக உருண்டு நிற்க விடுவார்கள். ஆனால் நின்றுவிட்ட வண்டிக்கு ஓட்டம் என்பதே கிடையாது. அங்கே பவர் கொடுத்தால் சக்கரம் சுற்றும், தனக்குக் கீழே இருக்கிற மணலை அள்ளிப் பின்னால் போடும். அதற்குப் பேர் டிரைவிங் இல்லை, குழி வெட்டுவது.

இந்தப் பாடம் ஒன்றும் புதிது இல்லை. ரால்ஃப் பாக்னால்ட் (1896–1990) என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், எகிப்தில் வேலை பார்த்த 1920களில், லீவு கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு ஃபோர்டு மாடல் டி, பிறகு மாடல் ஏ கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். டயரில் காற்றைக் குறைப்பது, மணலின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து எது கெட்டி எது பொடி என்று படிப்பது எல்லாம் அவர்கள் சிக்கிச் சிக்கிக் கற்றுக்கொண்டவை. கெய்ரோவில் பழைய இரும்புக் கடையில் அவருக்குக் கனமான எஃகுத் தகடுகள் கிடைத்தன. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்யப்பட்டவை. சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டி அந்தத் தகட்டைச் செருகினால் சக்கரம் அதன்மேல் ஏறி வெளியே வந்துவிடும். இன்று கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் பலகையாக விற்கிறார்களே, அதன் தாத்தா அந்தத் தகடுதான்.

1940-ல் பாக்னால்ட் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஒரு பாலைவனப் படைப்பிரிவை உருவாக்கினார். லாங் ரேஞ்ச் டெஸர்ட் குரூப் என்று பேர். 'கிரேட் சாண்ட் சீ' என்கிற மணல் கடலை வண்டியில் கடக்கவே முடியாது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், செவர்லே லாரிகளில் அதைக் கடந்து போனார்கள். இதில் விசேஷம் என்னவென்றால் அந்த லாரிகள் டூ வீல் டிரைவ்! பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் இன்ஜின் பலம். எண்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு சக்கர பலத்தில் அவர்கள் கடந்த மணலில், இன்றைக்கு நாலு சக்கர பலமும் ஏசியும் வைத்துக்கொண்டு ரோட்டிலிருந்து நூறு மீட்டர் தாண்டுவதற்குள் மாட்டிக்கொள்கிறோம் என்றால், குறை வண்டியில் இருக்க முடியாது. (அந்த மனிதர் அத்தோடு விடவில்லை. காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 1941-ல் ஒரு புத்தகம் போட்டார். அந்தத் துறைக்கே அது அடிப்படை நூல்.)

இனி செய்முறை. சிக்கிவிட்டது என்று தெரிந்ததும்:

1. காலை எடுக்க வேண்டும். ஒரு முறை மெதுவாக ரிவர்ஸ் போட்டுப் பார்க்கலாம். சக்கரம் வெறுமனே சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது முயற்சி கிடையாது.

2. எல்லாரும் இறங்க வேண்டும். எடை குறையும், தள்ளவும் ஆள் கிடைக்கும். இறங்கிச் சுற்றி வந்து, எந்தச் சக்கரம் இறங்கியிருக்கிறது, ஆக்ஸிலோ சேஸிஸோ மணலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

3. மண்வெட்டி. போகவேண்டிய திசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாகத் தோண்ட வேண்டும், செங்குத்தாக இல்லை. வண்டியின் வயிற்றுக்குக் கீழே இருக்கிற மணலையும் இழுத்துப் போட வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். பின்னால் வெளிப் புகைக்குழாய் மூடியிருந்தால் அதையும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விஷப்புகை வண்டிக்குள்ளேயே வரலாம்.

4. காற்று. ஏற்கெனவே 15-ல் இருந்தால் 12 வரைக்கும் இறக்கலாம். 10-க்கும் கீழே போனால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அந்த அளவில் நேராக, ஊர்ந்து போவதோடு சரி.

5. பலகை இருந்தால் சக்கரத்தடியில் செருகலாம். இல்லாவிட்டால் வண்டிக்குள் போட்டிருக்கும் மிதியடிகூட ஒரு தடவைக்கு உதவும். ஆனால் அதன் நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. சக்கரம் பிடித்துக்கொள்ளாமல் சுற்றினால் அது அம்பு மாதிரி பறந்து வரும்.

6. லோ ரேஞ்ச் கியர், டிராக்ஷன் கன்ட்ரோல் ஆஃப், ஸ்டீயரிங் நேராக. முடிந்தவரை பின்பக்கமாகவே வெளியேற வேண்டும். வந்த தடத்தில் மணல் ஏற்கெனவே அமுங்கி இருக்கும்.

பத்துக்கு ஒன்பது வண்டி இந்த ஆறில் வெளியே வந்துவிடும். வியர்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் யாரும் இதைச் செய்வதில்லை. ஏன்? மண்வெட்டி எடுப்பது கௌரவக் குறைச்சல். அதைவிட "மச்சான், கயிறு போட்டு இழுடா" என்பது சுலபம். இங்கேதான் விளையாட்டு வினையாகிறது. வயிறு புதைந்த வண்டியைத் தோண்டாமல் இழுத்தால் கயிற்றில் ஏறும் இழுவிசை வண்டியின் எடையையே தாண்டலாம். பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்காக ஒரு இரும்புக் குண்டு இருக்குமே, அதில் கயிற்றை மாட்டுகிறார்கள். அது அந்த மாதிரி வெட்டி இழுக்கும் இழுப்புக்குச் செய்யப்பட்டதே இல்லை. அது உடைந்தால் பீரங்கிக் குண்டுதான். ஆஸ்திரேலியாவில் இப்படியே ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியின் சேஸிஸில் இழுப்பதற்கென்றே கொடுத்திருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், கயிற்றின் நடுவில் கனமாக ஒரு துணியையோ பையையோ போட வேண்டும், வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும். முக்கியமாக, அப்போதும் முதலில் தோண்டிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

இழுக்க ஆளே இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு அழகான உதாரணம் இருக்கிறது. 2005 ஏப்ரல் 26 அன்று நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் செவ்வாய் கிரகத்தில் ஒரு சின்ன மணல் அலையில் சிக்கியது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? உடனே சக்கரத்தைச் சுற்றவில்லை. இங்கே அதே மாதிரி மணலைக் கலந்து, தங்களிடம் இருந்த சோதனை ரோவரை அதில் புதைத்து, எப்படி எடுப்பது என்று பழகிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்தை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, ஜூன் 4 அன்று வெளியே எடுத்தார்கள். ஐந்து வாரத்துக்கும் மேலே! அந்த ரோவர் அதற்கப்புறம் 2018 வரை வேலை செய்தது.

அதன் இரட்டையான ஸ்பிரிட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009-ல் மேலே ஓடு மாதிரி இருந்த மண்ணை உடைத்துக்கொண்டு பொடி மணலில் இறங்கியது. ஏற்கெனவே ஒரு சக்கரம் கெட்டிருந்தது. எவ்வளவோ முயன்றும் வரவில்லை, 2010 மார்ச்சில் அதன் குரல் நின்றுபோனது. பொறுமை எப்போதும் ஜெயிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அவசரம் தோற்கும் என்பதற்கு பிக் ரெட்டில் வாரா வாரம் உத்தரவாதம் கிடைக்கிறது.

பிக் ரெட்டில் சிக்கினால் சிரித்துவிட்டுப் போகலாம், பக்கத்திலேயே ரோடு. லீவா பக்கம் எம்ப்டி குவார்ட்டர் ஓரத்தில், கோடையில், செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஒற்றை வண்டியாகச் சிக்கினால் அது வேறு கதை. அங்கே பெட்ரோலைவிடத் தண்ணீர்தான் முதலில் தீரும். அதனால்தான் பாலைவனக்காரர்கள் இரண்டு விதிகளை விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒற்றை வண்டியில் போகாதே. சிக்கினால் வண்டியை விட்டு நடக்காதே. தேடி வருகிறவர்களின் கண்ணுக்கு வண்டிதான் முதலில் தெரியும், நடந்து போகிற மனிதன் தெரிய மாட்டான். தனியாகப் போவது தைரியம் என்று நினைக்கிறவர், தன்னைத் தேடி அலையப்போகிறவர்களின் நேரத்தையும் உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. மணல் இருக்கிற இடமெல்லாம் ஓட்டுகிற இடம் இல்லை. சென்னைக் கடற்கரையில் வருஷத் தொடக்கத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட்டுப் போகின்றன. அங்கே சக்கரத்தின் தடம் விழுந்தால் வண்டியை எடுத்துவிடலாம், முட்டையை என்ன செய்வது?

கடைசியாக ஒன்று. வெளியே வந்த சந்தோஷத்தில் நேராக ஹைவேயில் ஏறி நூறில் பறக்கிறவர்கள் உண்டு. காற்றுக் குறைந்த டயர் அந்த வேகத்தில் சூடாகி வெடிக்கும். மணலில் உயிர் காத்த அதே காற்றுக் குறைவு தார் ரோட்டில் உயிரை எடுக்கும். கம்ப்ரசரில் பத்து நிமிடம் காற்று அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கணக்குப் பார்த்தால் காற்றை இறக்கப் பத்து நிமிடம், ஏற்றப் பத்து நிமிடம். அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அத்தனை வண்டிகளும் பாதி நாள் வெயிலில் நிற்கின்றன.