ஏரி நடுவே ஒரு கல்யாண நாள்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். வருகிற தை மாதம் அவருக்குக் கல்யாணமாகி 25 வருஷம் பூர்த்தியாகிறதாம். எங்காவது ஒரு அரண்மனை ஓட்டலில் ரெண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று கணவருக்கு ஆசை. மாமியாருக்கோ இது பிடிக்கவில்லை. "விடிஞ்சா காலி பண்ற ரூமுக்கு இத்தனை பணமா? பேத்திக்கு ஒரு ஜோடி வளையல் பண்ணலாமே" என்கிறாராம். நான் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறார்.

மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. வளையல் வீட்டில் இருக்கும்; நாளைக்கு ஒரு அவசரத்துக்கு உதவும். ஓட்டல் அறை என்ன உதவும்? இந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டவள்தான். ஆனாலும் எங்கள் 30-வது கல்யாண நாளுக்கு நாங்கள் உதயப்பூர் ஏரி அரண்மனைக்குப் போய் வந்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய வருஷம் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று நாள் ஐ.சி.யூ., அப்புறம் ஐந்து நாள் தனி அறை. டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைப் பார்த்தேன். ஒரு ராத்திரிக்கு என்ன ஆயிற்று என்று வகுத்துப் பார்த்தால், தலை சுற்றியது. அந்தப் பணத்தை ஒரு வார்த்தை பேசாமல் கட்டினோம். கட்டத்தானே வேண்டும்? "வலியோட படுக்க இவ்வளவு குடுத்தோமே, சந்தோஷமா படுக்க ஒரு தடவை குடுத்தா என்ன?" என்று இவர்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் சீட்டுப் பணம் பாதி, அவர் ஓவர்டைம் பணம் பாதி என்று பதினாலு மாசம் சேர்த்தோம்.

சென்னையிலிருந்து அகமதாபாத் வரை ரயிலில் ஒன்றரை நாள். அங்கிருந்து உதயப்பூர் சுமார் 260 கிலோமீட்டர், காரில் போனோம். பிச்சோலா ஏரியின் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் மிதக்கிற மாதிரி நிற்கும். படங்களில் பார்த்திருப்பீர்கள். சுமார் நாலு ஏக்கர் தீவு. தீவு முழுக்கக் கட்டடம்தான். கரையிலிருந்து படகில்தான் போக வேண்டும். வாசலில் இறங்கினதும் மேலேயிருந்து ரோஜா இதழ்களைத் தூவுகிறார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இவரோ கல்யாணத்தன்றைக்கு இருந்ததைவிட நிமிர்ந்து நடந்தார்!

இந்த அரண்மனைக்கு ஜக் நிவாஸ் என்று பெயர். மேவாரை ஆண்ட இரண்டாம் ஜகத் சிங் மகாராணா 1743-ல் கட்டத் தொடங்கி 1746-ல் முடித்தார். இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். அவர் இளவரசராக இருந்தபோது, அதே ஏரியிலுள்ள ஜக் மந்திர் அரண்மனையில் அந்தப்புரப் பெண்களோடு நிலாக் காலத்தில் தங்க அப்பாவிடம் அனுமதி கேட்டாராம். "வேணும்னா நீயே ஒண்ணு கட்டிக்கோ" என்று அப்பா சொல்லிவிட்டாராம். மகன் ரோஷக்காரர். கட்டியே விட்டார்!

ராஜாக்கள் கட்டுவது சுலபம், பராமரிப்பதுதானே கஷ்டம்? பகவத் சிங் மகாராணா காலத்தில் இதை ஓட்டலாக மாற்றினார்கள், 1963-ல் திறந்தது. 1971-ல் தாஜ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. அதே வருஷம்தான் ராஜாக்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் அரசாங்கம் நிறுத்தியது. இப்போது 83 அறைகள் இருக்கின்றன.

நம் பத்திரிகை வாசகிகளுக்கு இன்னொரு விஷயம். அரண்மனையை ஓட்டலாக்கியபோது உள் அலங்காரத்தில் பெரும் பங்கு ஒரு பெண்மணியுடையது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்த டிடி கான்ட்ராக்டர். கட்டடக்கலையைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. பிற்காலத்தில் இமாசலப் பிரதேசத்துக் காங்க்ரா பக்கம் குடியேறி, மண்ணாலும் மூங்கிலாலும் வீடுகள் கட்டிக் கொடுத்தார். 2019-ல் ஜனாதிபதி கையால் நாரி சக்தி விருது வாங்கினார், 2021-ல் காலமானார். சலவைக்கல் அரண்மனையில் ஆரம்பித்தவர் மண் வீட்டில்தான் நிறைவு கண்டார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். ராஜஸ்தான் சமையலில் நெய்யும் மிளகாயும் தாராளம். இருதயக்காரரை வைத்துக்கொண்டு தால் பாட்டி சூர்மா பக்கம் போக முடியுமா? முதல் நாளே சமையல்காரரிடம் உப்பு, நெய் குறைத்துத் தரச் சொன்னேன். முகம் கோணாமல் செய்து கொடுத்தார்கள். கேர் சாங்ரி என்று ஒரு கறி வந்தது. சாங்ரி எந்த மரத்துக் காய் என்கிறீர்கள்? நம் ஊர்க் கோயில்களில் தல விருட்சமாக வைத்துக் கும்பிடுகிறோமே, அந்த வன்னி மரத்துக் காய்தான்! அங்கே அதைக் காயவைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். மழை இல்லாத ஊரில் ஒரு மரம் எத்தனை வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

இதெல்லாம் பார்த்தது, சாப்பிட்டது. கல்யாண நாள் நடந்தது மறுநாள் விடியற்காலையில்தான்.

வழக்கம்போல ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. வீட்டிலென்றால் அடுப்பு, பால், வேலைக்காரி என்று ஓடுவேன். அங்கே ஓட ஒன்றுமில்லை. படுக்கையை மடிக்கப் போனேன். "விடு, அவங்க பாத்துப்பாங்க" என்றார் இவர். கெட்டிலில் தண்ணீர் வைத்து டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் போட்டுக் கொடுத்த முதல் டீ. சர்க்கரை ஜாஸ்தி. மறுபேச்சுப் பேசாமல் குடித்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். ஏரியில் ஒரு சத்தமில்லை. திடீரென்று சொன்னார்: "அங்கே ஐ.சி.யூ.வுல படுத்திருந்தப்ப எனக்குப் பயம்னு ஒண்ணும் பெரிசா வரலைம்மா. லாக்கர் சாவி எங்கே இருக்குன்னு உனக்குச் சொல்லவே இல்லையேன்னுதான் மனசு அடிச்சுக்கிச்சு."

"ஏங்க, நல்ல நாளும் அதுவுமா இதையா பேசறது?" என்றேன்.

"நல்ல நாள்லதான் பேசணும். கெட்ட நாள்ல சொல்றதுக்கு யாரு இருக்கப்போறா?"

மேஜை மேலிருந்த காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எந்தெந்த பேங்கில் கணக்கு, எந்தக் கணக்கில் நான் கூட்டு, பி.எஃப். எவ்வளவு, எல்.ஐ.சி. பாலிசிகள் எத்தனை, வீட்டுப் பத்திரம் எங்கே, தம்பிக்குக் கைமாற்றாகக் கொடுத்தது எவ்வளவு. நானும் என் பங்குக்கு அஞ்சறைப் பெட்டி ரகசியங்களைச் சொன்னேன். ஒரு பாலிசியில் நாமினி என்று, காலமாகி ஒன்பது வருஷமான என் மாமியார் பெயரே இன்னும் இருந்தது! இரண்டு பக்கம் நிரம்பியது. எழுதி முடித்துக் கீழே தேதி போட்டார். அது எங்கள் கல்யாணத் தேதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஏரியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

முப்பது வருஷமாக வீட்டில் வராத பேச்சு அங்கே ஏன் வந்தது? வீட்டில் குக்கர் விசில், காலிங் பெல், டி.வி. சீரியல், பிள்ளைகள் போன். நாமும் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுகிறோம். அங்கே யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது அந்த நிம்மதியைத்தான். வளையலோடு இதை எடை போட முடியாது, சகோதரி.

ஊருக்குத் திரும்பிய வாரமே பேங்குக்குப் போனோம். எல்லாக் கணக்கையும் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்கிற முறைக்கு மாற்றினோம். லாக்கருக்கும் நாமினி எழுதினோம். 2025 நவம்பர் முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினியாக எழுதலாம். உங்கள் வீட்டில் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

போவதென்று முடிவு செய்தால் சில யோசனைகள்:

கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போகாதீர்கள். தவணை கட்டும்போது கல்யாண நாளே கசந்துவிடும்.

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வரியோடு சேர்த்து என்ன தொகை, காலைச் சாப்பாடு சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே குளுகுளுவென்று இருக்கும். கூட்டமும் வாடகையும் அப்போதுதான் உச்சம். மழை சரியாகப் பெய்ததா என்றும் விசாரியுங்கள். பஞ்ச வருஷங்களில் ஏரி வற்றி, படகு போகிற இடத்தில் ஆட்கள் நடந்து போனதும் உண்டு.

முட்டி வலிக்காரர்கள் படிக்கட்டு ஏறத் தேவையில்லாத அறையாகக் கேளுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி படகில் பின்னால் வரலாம்.

அவ்வளவு பணம் வேண்டாமென்றால் ஊருக்குள் சாதாரண லாட்ஜில் தங்குங்கள். கரையிலுள்ள நகர அரண்மனை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, படகில் ஜக் மந்திருக்குப் போய் வரலாம். சாயங்காலம் அம்ப்ராய் படித்துறையில் உட்கார்ந்தால், விளக்கேற்றிய ஏரி அரண்மனை முழுசாகக் கண்ணெதிரே தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குக்கூட அந்தக் காட்சி கிடையாது!

திருச்சிச் சகோதரிக்கு என் பதில் இதுதான். கடனில்லாமல் முடியுமென்றால் கணவரோடு போய் வாருங்கள். மாமியாரிடம் மறைக்காதீர்கள், "வளையல் அடுத்த வருஷம் நிச்சயம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாங்கியும் கொடுங்கள். பெட்டியில் பட்டுப் புடவையோடு ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். சாவி எங்கே என்று மட்டும் கேட்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.